கேளுங்க, மீட்டலாம்: இந்த மாதம் வாமி

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எலக்ட்ரிக் கிட்டாரின் பிரிட்ஜிலிருந்து (உடல் பக்கம் கம்பிகள் மாட்டியிருக்கும் தகடு) நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரும்புக் கையைப் பற்றித்தான். டிரெமலோ ஆர்ம், வாமி பார், வைப்ராட்டோ பார் என்று ஆளுக்கொரு பெயர் எழுதியிருக்கிறீர்கள். நம்ம பக்கத்துப் பையன்கள் வாயில் அது வெறும் ‘வாமி’. நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். அதை அழுத்தினால் கம்பிகள் தளர்ந்து சுருதி இறங்கும், விட்டால் திரும்பி வரும்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்ட்ராட் மாடல் கிட்டார் வாங்கினேன், வாமியோடு. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வாசிக்கிறேன். வாமியைத் தொட்டாலே கீபோர்டு அண்ணன் திரும்பி முறைக்கிறார், “கிட்டார் என்ன தண்ணி போட்டிருக்கா?” என்று கேட்கிறார். எவ்வளவு அழுத்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும், ஒன்றும் பிடிபடவில்லை.
- ஒரு வாசகர், புளியந்தோப்பு

பதில்: கீபோர்டு அண்ணன் மேல் கோபப்படாதீர்கள், அவர் காதில் கோளாறில்லை. அவர் பின்னணியில் ஒரு பேடு ஒலியை அழுத்திப் பிடித்திருப்பார், அது இருந்த இடத்திலேயே நிற்கும்; அதே நோட்டில் நின்றுகொண்டு நீங்கள் வாமியை ஆட்டினால் இரண்டு சுருதியும் உரசி அலை அலையாக அடிக்கும், கேட்கிறவருக்கு கிட்டார் சுருதி சேரவில்லை என்றுதான் தோன்றும். அதிலும் சபையே சேர்ந்து பாடும்போது நாலு பேராவது உங்களைக் கேட்டுத்தான் சுருதி பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் வாமி பக்கமே போக வேண்டாம். சரணத்துக்கு முன்னால் உங்களுக்கென்று கொஞ்சம் இடம் விடுவார்கள் பாருங்கள், அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஓர் ஆங்கிலோ-இந்திய அங்கிள். முதல் நாள் நான் வாமியை ஆட்டியதைக் கேட்டுவிட்டு, “இன்னா மேன், பாடுறியா, வாந்தி எடுக்குறியா?” என்றார். வாமியைத் திருகிக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆறு மாதம் திருப்பித் தரவே இல்லை. அந்த ஆறு மாதமும் இடது கை விரலால் மட்டும் நோட்டை அசைக்கப் பழகினேன், தண்டனை என்று நினைத்துக்கொண்டு. வாமி திரும்பி வந்தபோதுதான் விஷயம் காதில் விழுந்தது. விரலால் கம்பியைத் தள்ளி அசைத்தால் சுருதி நோட்டுக்கு மேலே போய்த் திரும்பும், கீழே இறங்காது. வாமி கீழே இறங்கும், பிரிட்ஜ் உடலில் ஒட்டாமல் மிதக்கும்படி வைத்திருந்தால் மேலேயும் ஏறும். இரண்டும் ஒரே அசைவு மாதிரி தோன்றினாலும் குணம் வேறு, முதலாவதை நன்றாகக் கேட்டுப் பழகாதவனுக்கு இரண்டாவதை அளவோடு செய்ய வராது.

சரி, அளவுக்கு வருவோம். ஆம்பைச் சுத்தமான ஒலியில் வையுங்கள். கோரஸ் பெடல் இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஏற்கெனவே சுருதியை ஆட்டிக்கொண்டிருக்கிறது, ஆடுகிறதை நீங்கள் வேறு ஆட்டினால் தலை சுற்றும். இரண்டாம் கம்பியைத் திறந்தபடி அடித்து அந்த ‘பி’ நோட்டைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து அதே கம்பியில் முதல் ஃபிரெட், ‘சி’. அதை அடித்து, ஒலி நிற்கும்போதே வாமியை மெதுவாக அழுத்தி, முன்பு கேட்ட ‘பி’க்கு இறக்குங்கள். இறங்கின இடம் சரிதானா என்று டியூனரில் பாருங்கள். முதல் பத்து தடவை தாண்டித்தான் போகும். அரை ஸ்வரம் இறங்க எவ்வளவு கொஞ்சமாக அழுத்தினால் போதும் என்பது கைக்குத் தெரிந்த அன்றைக்கு, இத்தனை நாள் நீங்கள் அழுத்தியது எவ்வளவு அதிகம் என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் தலைகீழாகச் செய்யுங்கள்: முதலில் வாமியை அழுத்திக்கொண்டு, பிறகு கம்பியை அடித்து, மெதுவாக விடுங்கள். நோட் கீழிருந்து ஏறி வந்து தன் இடத்தில் உட்காரும். பாடகர் ஒரு சொல்லை எடுக்கும்போது கீழிருந்து வழுக்கி வந்து சேருவாரே, அதேதான்.

எங்கே அழுத்துவது? நீளமான நோட்டின் வாலில். அடித்தவுடன் ஒன்று, இரண்டு எண்ணும்வரை நேராக நிற்க விடுங்கள், கேட்கிறவர் காதில் அந்தச் சுருதி பதியட்டும். மூன்றில் லேசாக ஆரம்பியுங்கள், ஒலி தேயத் தேய அசைவும் தேயட்டும். அசைவின் வேகம் பாட்டின் நடையோடு போக வேண்டும். மெதுவான பாட்டில் வேகமாக உதறினால் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கும். கார்டு அடித்துவிட்டு ஆட்டுவதாக இருந்தால் இன்னும் குறைவாக. ஒரே அழுத்தத்துக்கு ஆறு கம்பியும் ஒரே அளவு இறங்குவதில்லை, மூன்றாம் கம்பி அதிகம் நகரும், முதல் கம்பி குறைவாக நகரும், ஆழமாக அழுத்தினால் கார்டு அவிழ்ந்து போகும்.

பிடிக்கும் விதம் முக்கியம். நிறைய பேர் ஸ்கூட்டர் கைப்பிடி மாதிரி இறுக்கிப் பிடிக்கிறார்கள், அப்போது தோளிலிருந்து பலம் வருகிறது. பிக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருக்கட்டும், வாமி மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே சும்மா கிடக்கட்டும். சுண்டுவிரலின் கனமே பாதி வேலையைச் செய்துவிடும்.

கேட்டுப் பழக மூன்று பேரைச் சொல்கிறேன். ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வின், 1960-இல் வந்த ‘அப்பாச்சி’: வாமியை எவ்வளவு சின்னதாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அடுத்து டேவிட் கில்மோர். அவர் வாமியின் நீளத்தையே குறைத்து வைத்துக்கொண்டவர், பிக் அடிக்கும் கை எங்கேயும் போகாமல் நோட்டின் கடைசியை அசைத்துவிடுவார். மூன்றாவது ஜெஃப் பெக், 1989-இல் வந்த ‘வேர் வேர் யூ’. ஹார்மோனிக்ஸை (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மணி மாதிரி ஒலி) எழுப்பிவிட்டு மெட்டையே வாமியால் பாட வைத்திருக்கிறார், பிக் கிடையாது, வெறும் விரல். அதை நாளைக்கே வாசிக்க முயலாதீர்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு மேடையில் வாசித்த பிறகுதான் அவரே அங்கே வந்து சேர்ந்தார்.

கேள்வி: எங்கள் கிட்டார் வகுப்பு சார் இதை வைப்ராட்டோ என்கிறார், கடைக்காரர் டிரெமலோ என்கிறார். பரீட்சையில் எதை எழுதுவது?
- ஒரு மாணவி, திருவொற்றியூர்

பதில்: பரீட்சையில் சார் சொன்னதை எழுதும்மா, சரியானதும் அதுதான். சுருதி ஏறி இறங்கினால் வைப்ராட்டோ, சத்தம் ஏறி இறங்கினால் டிரெமலோ. வாமி மாற்றுவது சுருதியை. குழப்பத்தை ஆரம்பித்து வைத்தவர் லியோ ஃபெண்டர். 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது அதன் பிரிட்ஜை டிரெமலோ என்றார், காப்புரிமைப் பத்திரத்திலும் அதே பெயர். இன்னொரு வேடிக்கை, அதே கம்பெனி ஆம்ப்ளிஃபயர்களில் ‘வைப்ராட்டோ’ என்று எழுதியிருந்த சேனல்களில் பலவும் செய்தது சத்தத்தை ஏற்றி இறக்குவதைத்தான். இரண்டு பெயரும் இடம் மாறிப் போனது, மாறினது மாறினதுதான். மாண்டலின்காரரிடம் கேட்டால் அவர் ஒரே நோட்டை வேகமாக மேலும் கீழும் அடிப்பதைத்தான் டிரெமலோ என்பார், அது மூன்றாவது அர்த்தம். கடையில் போய் டிரெமலோ என்றே கேள், அப்போதுதான் கையில் கிடைக்கும்.

கேள்வி: அண்ணே, வாமியை ஒருமுறை அழுத்தினாலே டியூனிங் போய்விடுகிறது. புதுக் கம்பி போட்டும் இதே கதை. வீடு கடலுக்குப் பக்கத்தில், ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்திருக்கிறது. கிட்டாரை மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: மாற்ற வேண்டாம் தம்பி. முதலில் எங்கே மாட்டுகிறது என்று கண்டுபிடிப்போம். நன்றாக டியூன் செய்துவிட்டு வாமியை ஒருமுறை ஆழமாக அழுத்தி விடுங்கள். திரும்பி வந்தபோது கம்பி ஏறின சுருதியில் நின்றால், கோளாறு மேலே, நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளக் கட்டையில். அழுத்தும்போது கம்பி தளர்ந்து சாவிப் பக்கம் கொஞ்சம் வழுக்குகிறது, திரும்பும்போது நட்டின் பள்ளம் அதைக் கவ்விக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. டியூன் செய்யும்போது ‘டிங்’ என்று ஒரு சின்ன சத்தம் கேட்கிறதா? அதுவும் இதே வியாதிதான். பள்ளத்தில் பென்சிலைக் கூராகச் சீவி நன்றாகத் தேயுங்கள், அந்தக் கரியே வழுக்கி விடும். உடனடி வைத்தியம் வேண்டுமென்றால் அந்தக் கம்பியை ஒருமுறை பலமாக பெண்டு செய்து (விரலால் பக்கவாட்டில் தள்ளி) விடுங்கள், மாட்டின இடத்திலிருந்து வெளியே வந்துவிடும். மேடையில் பாதிப் பேர் ரகசியமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் காற்றில் உப்பு அதிகம், அதனால் இரண்டாவது சந்தேகம் பிரிட்ஜின் முன்பக்கத்து ஸ்க்ரூக்கள். பழைய மாடலில் ஆறு இருக்கும். பிரிட்ஜ் அவற்றின் மேல்தான் சாய்ந்து நிமிர்கிறது. அங்கே துரு ஏறினால் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வந்து நிற்கும். கம்பியைத் தளர்த்திவிட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் துருவைத் தேய்த்தெடுங்கள், தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, குண்டூசி முனையில் எடுத்து வையுங்கள். எம்.சி. ரோடு பக்கம் எந்தத் தையல்காரரைக் கேட்டாலும் தருவார். தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஒருவர் என்னிடம் வந்தார், பிசுபிசுவென்று தூசியெல்லாம் ஒட்டி உளுந்து மாவு மாதிரி இருந்தது. ஸ்க்ரூ ரொம்பவே அரித்திருந்தால் பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு மண்ணடிக்குப் போங்கள், அளவு பார்த்துக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, பின்பக்கத்து மூடிக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்குகள். வாமி என்பதே ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தட்டில் ஆறு கம்பியின் இழுவிசை, மறு தட்டில் ஸ்ப்ரிங். 9-42 செட் (மெல்லிய கம்பி முதல் தடித்த கம்பி வரை கனம், ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில்) போட்டால் கம்பிகள் சேர்ந்து இழுப்பது சுமார் 38 கிலோ, 10-46 செட் என்றால் 47 கிலோ பக்கம் போய்விடும். நீங்கள் கம்பி செட்டை மாற்றிவிட்டு ஸ்ப்ரிங்கைத் தொடாமல் விட்டால் தராசு சாயத்தானே செய்யும்? பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தூக்கி நிற்பது வழக்கம். பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து அந்தக் கனத்துக்கு அடுக்கி இடுக்கில் செருகுங்கள், டியூன் செய்யுங்கள், பிறகு உள்ளே ஸ்ப்ரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு பெரிய ஸ்க்ரூவையும் திருப்புளியால் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். பத்திரிகை தானாகக் கழன்று விழும் இடத்தில் நிறுத்துங்கள். மறுபடி டியூன் செய்தால் தராசு நேராகியிருக்கும்.

வாமி தன் ஓட்டையில் லொடலொடவென்று ஆடுகிறதென்றும் எழுதியிருந்தீர்கள். பிளம்பர் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை இரண்டு சுற்று சுற்றித் திருகுங்கள், போதும்.

கேள்வி: நாங்கள் கானா பாடுகிறோம். டோலக், சட்டி, கீபோர்டு இருக்கிறது, புதிதாக எலக்ட்ரிக் கிட்டார் சேர்ந்திருக்கிறது. கானாவுக்கு வாமி செட் ஆகுமா, இல்லை வெள்ளைக்காரன் வாசனை அடிக்குமா?
- வியாசர்பாடி வாசகர் ஒருவர்

பதில்: வாசனையெல்லாம் வாசிக்கிறவன் கையில் இருக்கிறது. எனக்குக் கேட்டால் கானாவுக்கு வாமி ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் பாடகர் வரிக் கடைசியை நேராக வெட்டி நிறுத்துவதில்லை, இழுத்து, லேசாகச் சுழற்றி, கீழே இறக்கி விடுகிறார். அந்த இறக்கம் வாமிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஆனால் அவர் இழுக்கும்போது நீங்களும் கூடவே இழுத்தால் இரண்டு பேரும் ஒரே வாசலில் நுழைகிற கதை. அவர் மூச்சு வாங்கும் இடத்தில், அவர் இழுத்த அதே இழுப்பைப் பதிலாகக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம், இது கானாவுக்கு மட்டுமல்ல, நம் காதுக்கே உரியது. கர்நாடக சங்கீதத்தில் ஸ, ப இரண்டையும் அசையா ஸ்வரங்கள் என்பார்கள், அவற்றுக்கு வேறு வடிவம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு கற்காதவர் காதும் அந்த இரண்டையும் தூண் மாதிரி பிடித்துக்கொண்டுதான் பாட்டைக் கேட்கிறது. பாட்டு எந்த ஸ்வரத்தில் போய் உட்காருகிறதோ அந்த ஸட்ஜத்தில் வாமியை ஆட்டாதீர்கள். ரி, க, த, நி இவற்றில் ஆட்டிப் பாருங்கள், உடனே நம்ம ஊர்ப் பாட்டாகிவிடும். நான் மேல்நாட்டு மெட்டு வாசிக்கும்போதுகூட இதைத்தான் கடைப்பிடிக்கிறேன், யாரும் ஆட்சேபித்ததில்லை.

அதற்காக வாமியால் கமகம் வாசித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தோடியின் காந்தாரம் சும்மா ஆடுவதில்லை, எங்கிருந்து எங்கே போகிறது, எங்கே ஒரு நொடி தங்குகிறது என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. ஸ்ப்ரிங்குக்கு அந்தக் கணக்கு தெரியாது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில் அத்தனை கமகத்தையும் இடது கை விரலாலேயே கொண்டுவந்தார்.

கேள்வி: ஃபிளாய்ட் ரோஸ் போட்ட கிட்டார் வாங்கலாம் என்று இருக்கிறேன். டியூனிங் போகவே போகாது என்கிறார்களே?
- ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: போகாது, உண்மைதான். 1970-களின் கடைசியில் ஃபிளாய்ட் ரோஸ் என்பவர் செய்தது, நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டிவிடும். வழுக்குவதற்கு இடமே இல்லை. ஆனால் கம்பி மாற்ற ஆலன் கீ வேண்டும், கம்பியின் உருண்டையை வெட்ட வேண்டும், ஒன்றை முறுக்கினால் மற்ற ஐந்தும் இறங்கும், பொறுமையும் வேண்டும். மிதக்கும் பிரிட்ஜ் எதிலும் இன்னொரு ஆபத்து. ஒரு ஆடி மாதம், தண்டையார்பேட்டையில் அம்மன் கோயில் திருவிழா, கூழ் ஊற்றி முடித்து ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. இரண்டாவது பாட்டிலேயே என் முதல் கம்பி அறுந்தது. தராசு சொன்னேனே, ஒரு தட்டில் கனம் குறைந்ததும் ஸ்ப்ரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்துவிட்டது, மிச்சம் ஐந்து கம்பியும் ஒரே நேரத்தில் சுருதி ஏறிவிட்டது. பாடிக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, பாட்டு முடியும்வரை வாசிக்கிற மாதிரி நடித்தேன். ஜனங்கள் கைதட்டினார்கள், அது வேறு.

மறுநாளே ஸ்ப்ரிங்கை முடுக்கி பிரிட்ஜை உடலோடு ஒட்டி உட்கார வைத்துவிட்டேன். இப்போது வாமி கீழே மட்டும் போகும், மேலே ஏறாது, ஆனால் கம்பி அறுந்தால் மற்றவை அசையாது, ஒரு கம்பியை பெண்டு செய்தால் பக்கத்துக் கம்பி இறங்குவதும் இல்லை. எரிக் கிளாப்டன் இன்னும் ஒரு படி மேலே போய் மரக்கட்டை வைத்து வாமியையே அடைத்துவிட்டவர். கச்சேரிக்குப் போகிற கிட்டார் ஒன்றுதான் என்றால் சாதாரண வாமியை இப்படி ஒட்டி உட்கார வைத்து வாசியுங்கள். வீட்டில் இரண்டாவது கிட்டார் இருந்தால் ஃபிளாய்ட் ரோஸ் தாராளமாக வாங்கலாம்.

கேள்வி: அக்கூஸ்டிக் கிட்டாரில் வாமி மாட்ட முடியுமா?
- மணலி வாசகர்

பதில்: உங்களுடையது பிரிட்ஜைப் பலகையின் மேல் பசையால் ஒட்டிய சாதாரண கிட்டார் என்றால் வேண்டாம். ஆட்ட ஆட்டப் பலகை உப்பி வரும், அப்புறம் பிரிட்ஜும் கையோடு வரும்.

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு. ராத்திரியில் கிட்டாரை வைத்துக்கொண்டு ஏரோப்ளேன் விழுகிற மாதிரி ‘டூயூயூங்’ என்று சத்தம் எழுப்புகிறான். மாதம் நாலு தடவை கம்பிக்குப் பணம் கேட்கிறான். இதுவும் சங்கீதமா?
- ஒரு தாய், கொருக்குப்பேட்டை

பதில்: சங்கீதம்தான்மா, இடம் பொருந்தினால். அதற்கு டைவ் பாம் என்று பெயர், வாமியைக் கம்பி தொங்கிப் போகும்வரை அழுத்துவது. 1969-இல் வுட்ஸ்டாக் திருவிழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது நடுநடுவே குண்டு விழும் சத்தத்தை வாமியால் கொண்டுவந்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம், கேட்டவர்களுக்கு அது என்ன சத்தமென்று சொல்லத் தேவையிருக்கவில்லை. உங்கள் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு ஆரம்பித்திருக்கலாம். ஒரு பாட்டில் ஒரு குண்டு போதும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கம்பி மாதம் நாலு தடவை அறுவது வாமியால் மட்டும் இருக்காது. அறுந்த கம்பியை எடுத்துப் பாருங்கள், எப்போதும் பிரிட்ஜ் பக்கத்து முனையிலேயே அறுகிறதென்றால் கம்பி உட்காரும் இடத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறது. 400-ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்து அந்த இடத்தில் நாலு தேய் தேய்க்கச் சொல்லுங்கள். கம்பிச் செலவு பாதியாகிவிடும்.

ராத்திரி சத்தத்துக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், சின்ன ஆம்ப் பலவற்றிலும் அதற்குத் துளை இருக்கிறது. அதுவரைக்கும் பத்து மணியானால் வாமியைக் கழற்றி உங்கள் அஞ்சறைப் பெட்டியில் போட்டு வையுங்கள். கடிகார முள் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும்.